முப்பத்தெட்டு மரங்களுக்கு எண் எழுதியவன்

போன மாதம் புத்தூர் ரோட்டு செக்‌ஷனிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடிக்கொண்டு திருப்பதிக்கு வந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகாதவர்கள். சாலையோர மரங்களுக்கு இனிமேல் தாரும் சுண்ணாம்பும் வேண்டாம், எண் அச்சடித்த தகரவில்லையை ஆணியால் அடித்தால் போதும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம். "பழைய முறை எப்படின்னு எழுதிக் குடுங்க மேஸ்திரி, ரெக்கார்டுல வெச்சுக்கிறோம்" என்றார்கள். உட்கார்ந்தேன். முறையை எழுத அரைப் பக்கம் போதுமாக இருந்தது. அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

எங்களுடையது சத்தியவேட்டுப் பக்கம் நிலமுள்ள குடும்பம். நாலு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்ததால் நிலம் என் வரைக்கும் வந்து சேரவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் படித்தேன், மீதியை மைல்கல்லில் படித்தேன். பதினாறு வயதில் ரோட்டு கேங்கில் சேர்ந்து கல் உடைத்தேன், தார் காய்ச்சினேன், ரோலருக்கு முன்னால் தண்ணீர் தெளித்தேன். எட்டு வருஷத்தில் மேஸ்திரி ஆனேன். அந்தக் கதை அவ்வளவுதான். ஆட்களின் முகம் எனக்குச் சீக்கிரம் மறந்துபோகும், அவர்கள் சொன்ன வார்த்தை மறக்காது. அதனால் இதில் முகங்களைவிடப் பேச்சுதான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மரத்துக்கு எண் எழுதுவது என் தனி வேலை. கையெழுத்து குண்டாக இருக்கும் என்பதால் கொடுத்தார்கள். மார்பு உயரத்தில், ரோட்டைப் பார்த்த பக்கத்தில், உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு மேல்பட்டையைச் செதுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பச்சையை உளி தொடக்கூடாது, தொட்டால் மரம் அழும். ஒருநாள் காயவிட்டு, இளஞ்சூட்டுத் தாரை இரண்டு பூச்சு பூச வேண்டும். மறுநாள் சுண்ணாம்பில் வேலம்பிசின் கரைத்து, ஈச்சமட்டையை நசுக்கிச் செய்த தூரிகையால் எழுத வேண்டும். மேலிருந்து கீழே மட்டும் இழுக்க வேண்டும், கீழிருந்து மேலே இழுத்தால் ஒழுகும். அப்படி எழுதினது ஏழு மழைக்குத் தாங்கும். எண் விழுந்த மரம் கணக்கில் ஏறிய மரம். புளியம்பழம் குத்தகைக்குப் போனாலும் அந்த எண்தான், பட்டுப்போன மரம் ஏலத்துக்குப் போனாலும் அந்த எண்தான்.

இந்த எண்தான் ராகவாச்சாரி சாரை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

வரதய்யபாளையம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில், குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தர் அண்ணாந்து நின்றிருந்தார். நெற்றியில் நாமம், உடம்பில் கோட்டு, காலில் கான்வாஸ் ஷூ. காலையில் நான் போகும்போது நின்ற இடத்திலேயே மத்தியானம் திரும்பும்போதும் நின்றார்.

"இன்னா சாமி, எதனா தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைப்பா. பொந்துல ஆந்தை இருக்கு. ரெண்டா மூணான்னு பார்த்துண்டிருக்கேன்."

"மூணு சாமி. இது நூத்திப் பன்னெண்டாம் நம்பர் மரம். போன வருசம் நூத்திப் பத்துல இருந்துச்சுங்க. இடி வுழுந்து கிளை போச்சு, இங்க குடி வந்துடுச்சுங்க."

அவர் குடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தனை வருஷமா இதெல்லாம் பார்த்துண்டிருக்கே?"

"நான் எங்க சாமி பாக்குறேன்? நம்பர் எழுதிக்கினு போறேன். அதுங்கதான் என்னைப் பாக்குது."

திருப்பதியில் ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் அவர். குடும்பமே தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருந்தது. "எங்காத்துல எல்லாரும் பெருமாளைப் பார்த்துண்டிருக்கா, நான் அவர் வாகனத்தைப் பார்த்துண்டிருக்கேன்" என்று சொல்லிக்கொள்வார். பருந்திலிருந்து தொடங்கி, கடைசியில் எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் வந்து நின்றார். அந்த ஏரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கு நடுவில் கருவேல மரங்கள் தோப்பாக நின்றன. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் அடிமரத்தை மூடியதும் பறவைகள் வரும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, பங்குனியில் தண்ணீர் வற்றும்போது போகும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு எரு வேண்டாம் என்பதால், ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சாவு விழுந்தால் கட்டு தாண்டும் வரை மேளத்தை நிறுத்திவிடுவார்கள். கட்டு என்றால் ஏரிக்கரை.

சார் சேர்த்த கூட்டத்துக்குச் சங்கம் என்று பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. ஊர்க்காரர்கள் எங்களைப் பறவைக்காரங்க என்பார்கள். சார், நான், வரதய்யபாளையம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஜெயராமுலு, ஏரிக்குக் கீழே இரண்டு காணி பயிரிடும் மங்கம்மா. நாலு பேருக்கும் யாரும் சம்பளம் தரவில்லை. மங்கம்மா எண்ண வரமாட்டாள். கட்டின் மேல் யாராவது கவணோடு வந்தால் அவனை அவன் அம்மா பெயரைச் சொல்லித் திட்டி அனுப்புவது அவள் வேலை. பாதிப் பறவையை அவள் வாய்தான் காப்பாற்றியது.

சார் எண்ணும் விதம் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவார். எண்ணி முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவரும் ஜெயராமுலுவும் நானும் கட்டின் மேல் ஐம்பதடி தள்ளித்தள்ளி நிற்போம். ஒருத்தருக்கொருத்தர் பேசக்கூடாது. ஒவ்வொரு மரத்திலும் எத்தனை கூடு என்று அவரவர் காகிதத்தில் கோடு போட்டு, மடித்து, அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மூன்றையும் பிரித்து, எதில் எண் குறைவாக இருக்கிறதோ அதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஜெயராமுலுவுக்கு இது ஆறவே ஆறாது. "சார், நான் இருபத்திரெண்டு போட்டேன். மேஸ்திரி பதினெட்டு. என் நாலு கூட்ட எடுத்து எங்க போட்டீங்க?"

"மரத்துலேயேதான் இருக்கு. நம்ம பேப்பர்ல மட்டும் இல்லை. அதுக்காக அது முட்டை போடாம இருக்கப்போறதில்லை."

"நான் ஊசி போடுற கை சார். கண்ணு தப்பாது."

"தப்பலைன்னே வச்சுக்கோ. குறைச்சலா சொன்னா பறவைக்கு நஷ்டமில்லை. கூடச் சொன்னா நமக்குத் தலை கனத்துடும்."

யாராவது "இருக்கும்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "நினைச்சதை ஆத்துல போய்ச் சொல்லு. பார்த்ததை இங்கே சொல்லு." கோபமாகச் சொல்ல மாட்டார். மருந்து கொடுக்கிற மாதிரி சொல்வார். இன்னொரு சட்டம் வைத்திருந்தார்: எதையும் தொடக்கூடாது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சானாலும் சரி, மிதக்கும் முட்டையானாலும் சரி. "நாம பார்க்க வந்தவா. கை வச்சா அது வேற வேலை."

இப்படி நாலைந்து வருஷம் போயிற்று. ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது சித்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கம் போயின, எங்கள் ஏரி மெட்ராஸ் பக்கமே நின்றது. சார் அயல் ராஜ்ஜியத்திலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் ஊர்க் கொக்கை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு எல்லையைத் தீர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போகும், சத்தியவேடு ஆந்திராவுக்கு வரும் என்றார்கள். டீக்கடையில் ஆளுக்கொரு பேச்சு. "ராத்திரி மெட்ராசுல படுத்துக் காலைல ஆந்திராவுல எழுந்திருக்கப் போறோம். கட்டில் மட்டும் அதே கட்டில், அதே மூட்டைப்பூச்சி" என்றான் ஜெயராமுலு. பெண்டாட்டியின் ஊர் பொன்னேரிப் பக்கம் என்பதால் மெட்ராஸிலேயே இருந்துவிடுவதாக அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். எனக்கு ரோடு இருக்கும் இடம்தான் வேலை. ரோடு ஆந்திராவுக்குப் போனால் நானும் போக வேண்டியதுதான்.

சார் மட்டும் சந்தோஷமாக இருந்தார். ஏரி அவருடைய கவர்ன்மெண்டுக்கு வரப்போகிறது. புது ஆபீஸ் பொறுப்பேற்றதும் முதல் காரியமாக ஒரு மனு கொடுக்க வேண்டும், இந்த ஏரியில் மரம் வெட்டக்கூடாது, சுடக்கூடாது என்று உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு அந்த வருஷத்துக் கணக்கு மரம் மரமாக, கூடு கூடாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். அதுவரை எது எந்த மரம் என்பதற்கு அவர் வரைந்த படம் ஒன்றுதான் இருந்தது. அதை வைத்து ஜெயராமுலுவும் நானும் ஒரே மரத்தை இரண்டு மரமாக எண்ணிய நாளும் உண்டு. மங்கம்மா பழைய புடவையைக் கிழித்து மரத்துக்கு மரம் கட்டிப் பார்த்தாள். கொக்குகள் அதைப் பிரித்துக்கொண்டுபோய்க் கூட்டில் வைத்துக்கொண்டன. "என் கல்யாணப் பொடவை மேல குஞ்சு பொரிச்சுக்கினு கீது" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

நான் சொன்னேன், "சார், நான் எழுதுறேன். ஏழு மழை தாங்கும்."

"மரத்தைத் தொடாம பண்ண வழி இல்லையா முனுசாமி?"

"பச்சைய தொட மாட்டேன் சார். மேல்பட்டைதான். எத்தினி மைலு மரத்துக்கு எழுதியிருக்கேன், ஒண்ணு பட்டுப்போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

அன்று அவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் வந்தபோது, பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே, "சரி, எழுது. பறவை வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடு" என்றார்.

புரட்டாசியில் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஏணி போட்டு, தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேலே, கட்டைப் பார்த்த பக்கத்தில் ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை எழுதினேன். மங்கம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழே நின்றாள்.

"இன்னா மேஸ்திரி, சர்க்காரு மரம் மாரி ஆக்கிட்ட?"

"சர்க்காரு மரம்தான?"

"அத்த சர்க்காருக்கு ஏன் சொல்லிக் குடுக்குற?" என்றுவிட்டுப் போனாள். அவளுக்கு எதையும் குற்றம் சொல்லாமல் இருக்க முடியாது என்று நான் சிரித்தேன்.

கார்த்திகையில் பறவைகள் வந்தன. கட்டின் மேலிருந்து சாருடைய ஒற்றைக்கண் துர்பின் குழாயில் பார்த்தால், தண்ணீருக்கு நடுவில், பச்சை இலைக்குக் கீழே என் கையெழுத்து வரிசையாக நின்றது. வாழ்நாளில் நான் எழுதியது எதையும் யாரும் துர்பின் வைத்துப் பார்த்ததில்லை. அந்த வருஷம் மூன்று காகிதத்துக்கும் இடையே வித்தியாசம் ஒன்று, இரண்டு என்று குறைந்துபோயிற்று. சார் நோட்டில் எழுதும்போது உதட்டைக் கடித்துச் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டிருந்தார்.

மாசியில் எனக்குச் சத்தியவேடு பங்களாவில் வேலை விழுந்தது. எல்லை மாறுகிறதல்லவா, ரோடு, மதகு, மைல்கல், மரம் எல்லாவற்றையும் இந்தப் பக்கத்து ஆபீஸும் அந்தப் பக்கத்து ஆபீஸும் சேர்ந்து சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். இவர்கள் படிப்பார்கள், அவர்கள் குறித்துக்கொள்வார்கள், நடுவில் நான் "இருக்குது", "இல்ல" என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் இது நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், அந்தப் பக்கத்துக் கிளார்க் ஒருத்தர் வேறொரு ஃபைலை இழுத்துப் பிரித்து, தலை நிமிராமல் தெலுங்கில் கேட்டார். எங்கள் ஏரியின் பெயரைச் சொல்லி, அதிலுள்ள மரங்களுக்கு எண் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார்.

சாருடைய மனு அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "முப்பத்தெட்டு மரம் சார். என் கையாலயே எழுதினேன். கட்டு மேல நின்னு பாத்தா தெரியும்" என்றேன். அவர் "மஞ்சிதி", நல்லது, என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நினைத்ததைச் சொல்லாதே என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பேன். என்ன ஃபைல் அது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அது என்ன ஃபைல் என்பது பிறகு தெரிந்தது. ஏரியின் மேற்குக் கரையோரம் காய்ந்துபோய் நின்ற பழைய கருவேல மரங்களை விறகுக்கு ஏலம் விடுவதென்று பழைய ஆபீஸ் முன்பே முடிவுசெய்திருந்தது. அந்த மரங்களில் கூடே கிடையாது. எண் போட்ட பிறகு வெட்ட வேண்டும் என்று ஃபைலில் இருந்தது. எண் போட வேண்டியவர்கள் போடாமலே மாற்றலாகிப் போய்விட்டார்கள். ஃபைல் மட்டும் எல்லை தாண்டி வந்தது. எண் போட்டாயிற்று என்று இப்போது நான் சொல்லிவிட்டேன்.

பங்குனிக் கடைசியில், நான் பாகாலா பக்கம் வேலையாக இருந்தபோது, ஜெயராமுலு பஸ் மாறி மாறி என்னைத் தேடி வந்தான். எப்போதும் வேடிக்கையாக எதையாவது சொல்லிக்கொண்டு வருகிறவன், அன்றைக்குச் சொன்னது ஒரே வார்த்தை. "வா" என்றான். திருப்பதியில் இறங்கிச் சாரையும் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு போனோம்.

கட்டின் மேல் ஏறுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. கோடாலிச் சத்தம் இல்லை. மேலே பறவைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாரை சாதாரணமாகச் சத்தம் போடாது, அலகைத்தான் தட்டும். நூற்றுக்கணக்கான அலகுகள் ஆகாயத்தில் தட்டிக்கொண்டிருந்தன.

இடுப்பளவுத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எண் வரிசையாக வெட்டியிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி இருபத்துமூன்று வரை வந்துவிட்டார்கள். மரங்கள் கூட்டோடு தண்ணீரில் சாய்ந்து கிடந்தன. பெரும்பாலான குஞ்சுகள் அதற்குள் பறந்து போயிருந்தன. கடைசியில் பொரித்தவை, றெக்கை முளைக்காதவை, கூட்டோடு இறங்கியிருந்தன.

வெட்டுக்காரர்களின் மேஸ்திரி கங்கையா எங்களைப் பார்த்துக் கரைக்கு வந்தார். நல்ல மனிதர். ஈரக் கையைத் தலைப்பாகையில் துடைத்துவிட்டு மடியிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"நம்பர் இருக்குற மரம்தான் சார் வெட்டினோம். ஒண்ணுகூட எக்ஸ்ட்ரா இல்ல. சூடண்டி, பாருங்க, பக்கத்துல நம்பர் இல்லாத மரம் ஒண்ணு நிக்குது, அத தொடல. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

ஒழுங்காக வேலை செய்த பெருமை அவர் குரலில் இருந்தது. என் தொழிலில் எனக்கு இருந்த அதே பெருமை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்தேன்.

சார் மேலே சுற்றும் பறவைகளைக் காட்டினார். "குஞ்சு இருக்குப்பா" என்று மட்டும் சொன்னார். கங்கையா அண்ணாந்து பார்த்தார், பிறகு திரும்பித் தன் ஆட்களைக் கூப்பிட்டார். "கோடாலிய கீழ வெச்சுட்டோம் சார். நீங்க ஆபீசுக்குப் போயி ரெண்டு வார்த்த சொல்லி வாங்கிக்கினு வாங்க. அதுவரிக்கும் தொட மாட்டோம்." அப்படித்தான் இருபத்துநான்கிலிருந்து முப்பத்தெட்டு வரை பதினைந்து மரம் நின்றது.

சார் ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினார். பதினேழாம் எண் மரத்தின் கிளைக்கு அடியில் கைவிட்டு, ஒரு கூழைக்கடாக் குஞ்சை எடுத்தார். அத்தனை வருஷத்தில் அவர் எதையும் தொட்டு அன்றுதான் பார்த்தேன். பையை மாதிரித் தொங்கும் அதன் கீழ்த்தாடையில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். உயிர் இருந்தது. நாங்களும் இறங்கினோம். மங்கம்மா கூடைகளும் ஓலைப்பாய்களும் கொண்டுவந்தாள். உயிரோடு கிடைத்ததை எல்லாம் கொண்டுபோய் நின்ற மரங்களுக்குக் கீழே மேட்டில் வைத்தோம். தாய்ப்பறவைகள் மேலேயே சுற்றின. தரையில் இருப்பது தங்கள் குஞ்சு என்று அவற்றுக்குத் தெரியவில்லை. ஜெயராமுலு மூன்று நாள் லீவு போட்டு அரைத்த மீனைக் கரண்டியால் ஊட்டிப் பார்த்தான். ஆறாம் நாள் மேட்டில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் சார், "எண்ணணும்" என்றார்.

"வேணாம் சார்" என்றான் ஜெயராமுலு.

"எண்ணணும்ப்பா."

ஐம்பதடி தள்ளித்தள்ளி நின்றோம். செத்ததைக் கோடு போட்டோம். மடித்துக் கொடுத்தோம். மூன்று காகிதத்திலும் ஒரே எண் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

ஊர் கட்டின் மேல் கூடிவிட்டது. மரத்தில் எண் எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஊர் பார்க்கத்தான் எழுதினேன். அதைப் பற்றிக் கேள்வி இல்லை. கங்கையா சொன்ன இன்னொரு சொல்தான் கேள்வியாயிற்று. ஏரிக்குள்ளே முப்பத்தெட்டு மரம், எண் போட்டு ரெடியாக இருக்கிறது என்று பறவைக்காரர்களில் ஒருத்தரே ஆபீஸில் வந்து சொன்னாராம், பெயர் அவருக்குத் தெரியாதாம்.

மங்கம்மா சாரைப் பார்த்து நின்றாள். அவள் குரல் எழும்பவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "யாரு சார் சொன்னது?"

சார் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது.

"ஆபீசுக்கு எழுதறவன் நான். ஆபீசோட பேசறவன் நான். வேற யார் சொல்லியிருப்பா? நான்தாம்மா" என்றார்.

வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது. மங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், யாரோ இருமினார்கள், சார் ஷூவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு இந்த ஊர்தான் சொந்த ஊர், பெண் எடுத்த ஊர், நாளைக்கும் இந்த ரோட்டில்தான் நடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க இனிமே இந்தக் கட்டு மேல ஏற வேணாம் சார்" என்றாள் மங்கம்மா.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

கூட்டம் அதோடு முடிந்தது. அந்த மாதமே ஜெயராமுலு பொன்னேரிப் பக்கம் போய்விட்டான். போகும்போது, "மேஸ்திரி, நாம நாலு பேரும் ஒரே ஏரிய பாத்துக்கினு இருந்தோம். இப்ப ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கினு போறோம்" என்றான். என்னைப் புத்தூருக்கு மாற்றினார்கள். ஏரிப் பக்கம் போக வேண்டிய வேலை வந்தாலும் வேறு யாரையாவது அனுப்பினேன். தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகத்தான் தின்றேன், நன்றாகத்தான் தூங்கினேன். யாராவது "சார் எப்படிச் செய்யலாம்" என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் மார்கழியில் திருப்பதிக்குப் போனேன். சார் வீட்டுக் கூடத்தில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காராமல் சொன்னேன். பங்களா, கிளார்க், ஃபைல், மனு போய்ச் சேர்ந்துவிட்டதென்று நான் நினைத்தது, கையாலேயே எழுதினேன் என்று பெருமை பேசியது, எல்லாம்.

அவர் சிவப்புப் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்" என்றார். "அன்னிக்கே உன் மூஞ்சியில பார்த்துட்டேன்."

"பின்ன ஏன் சார்?"

அவர் அடுத்த தாளை எடுத்தார். வேறொன்று கேட்டார். "மீதிப் பதினஞ்சு மரத்துல நம்பர் அப்படியே இருக்கா?"

இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. எண் இருக்கிறவரை அது கணக்கில் ஏறிய மரம். இன்னொரு கிளார்க் வந்து இன்னொரு ஃபைலைப் பிரிக்க எத்தனை நாள் ஆகும்? மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

அந்த வருஷம் மழை குறைவு, பறவைகள் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் இருபத்துநாலாம் எண்ணில் தொடங்கினேன். ஏழு மழை தாங்க வேண்டும் என்று பூசிய தார், இரண்டு மழையில் எப்படிப் போகும்? பட்டைக்குள் இறங்கியிருந்தது. பச்சையைத் தொடாமல் எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. தொட்டுத்தான் எடுத்தேன். மரம் அழுதது. காயத்தில் களிமண்ணைக் குழைத்து அப்பி, சணல் சாக்கைக் கிழித்துக் கட்டினேன். மூன்று நாள் ஆயிற்று. அதில் இரண்டு மரம் பிறகு பட்டுப்போயிற்று.

முதல் நாள் யாரும் பேச வரவில்லை. இரண்டாம் நாள் மங்கம்மா கட்டின் மேல் வந்து நின்றாள். "வாத்தியாரு அனுப்பினாரா?"

தண்ணீருக்குள் நின்றபடியே சொன்னேன். "ஆபீசுல போய்ச் சொன்னவன் நான்தான். அவரு இல்ல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். ஊருக்குள் போய்ச் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் மறுபடி வந்தாள். "வாத்தியார வரச் சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசினதே இல்லை.

அதை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு ஓடினேன். வாழ்க்கையில் நான் கொண்டுபோன ஒரே நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சார் கேட்டுக்கொண்டார். "சந்தோஷம்" என்றார். "ஆனா நான் வரலை முனுசாமி. எழுதினது நீ, போய்ச் சொன்னது நீ. சரின்னு சொன்னது நான். மனு தையிலேயே தயாரா இருந்தது, புது ஆபீஸ் வந்த அன்னிக்கே குடுத்திருக்கலாம், தெரியுமோ? கடைசிக் குஞ்சும் பறக்கட்டும், கணக்கு முழுசா இருக்கட்டும்னு நான்தான் பெட்டியில வச்சிருந்தேன். உன் தப்பை நீ எத்தனை பேர்கிட்ட போய்ச் சொன்னாலும் இந்தத் தப்பு என்னோடதுதான்."

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். ஏரிக்கு வரவில்லை. மார்கழிக்கு மார்கழி நான் போய்ப் பார்ப்பேன். ஒரு டம்ளர் காபி வரும். ரோடுகளைப் பற்றிக் கேட்பார், ஏரிப் பேச்சை எடுக்க விட மாட்டார். எந்த மைலில் என்ன கல், எந்த மதகு அடைத்துக்கொண்டது என்று விசாரிப்பார். நோட்டு எங்கே என்று நான் கேட்டதில்லை.

கூழைக்கடா திரும்பி வந்த வருஷமும் போனேன். நின்ற பதின்மூன்று மரத்திலும் கூடு. கட்டின் மேல் நின்று நான் ஒருத்தனாகவே மூன்று தடவை எண்ணியிருந்தேன். அந்த எண்ணை வாயில் வைத்துக்கொண்டே மாடவீதி முழுக்க நடந்தேன். கதவைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வாப்பா, புத்தூர் ரோட்டுக்குத் தார் போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு சார்" என்றேன்.